எரிச்சல் நின்றுவிட்டது, பயாப்ஸி ரிப்போர்ட் பயமுறுத்துகிறது: நாள்பட்ட இரைப்பை அழற்சி எங்கே போய் முடியும்?

கரூர் பக்கத்திலிருந்து 44 வயது பள்ளி ஆசிரியை ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

ஆறு வருடமாக மேல்வயிற்றில் எரிச்சல், நாலு வாய் சாப்பிட்டதுமே உப்புசம், புளித்த ஏப்பம். முதலில் பார்த்த டாக்டர் "அல்சர்" என்று சொல்லி ஒரு மாதத்துக்கு எழுதிக்கொடுத்த பான்டோபிரசோல் 40 என்ற அமிலம் குறைக்கும் மாத்திரையை, அந்தச் சீட்டையே காட்டி மெடிக்கலில் வாங்கி இன்றுவரை தினமும் போட்டுவருகிறார். அம்மா 58 வயதில் இரைப்பைப் புற்றுநோயில் இறந்துவிட்டார். போன வருடம் எரிச்சல் கிட்டத்தட்ட நின்றுவிட்டது, ஆனால் சோர்வு கூடியது. ஹீமோகுளோபின் 9.4 என்று வரவே எண்டோஸ்கோபி செய்திருக்கிறார்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டில் "நாள்பட்ட அழற்சி, மிதமான அட்ரோபி, இன்டெஸ்டினல் மெட்டாபிளாசியா, எச். பைலோரி உள்ளது, டிஸ்பிளாசியா இல்லை" என்று இருக்கிறது. அந்தக் கிருமியை ஒழிக்க 14 நாளுக்குக் கொடுத்த மருந்துக் கிட்டை வாய்க்கசப்பு தாங்காமல் ஆறாவது நாளே நிறுத்திவிட்டார். இரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் எச். பைலோரி ஆன்டிபாடி பார்த்தால் பாசிட்டிவ். நாத்தனார் மணத்தக்காளிக் கீரையும் தயிரும் போதும் என்கிறார். இணையத்தில் தேடியதில் தூக்கம் போய்விட்டது. இது கேன்சரின் முதல் படியா, திரும்பிச் சரியாகுமா, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எண்டோஸ்கோபி செய்யவேண்டுமா, 17 வயது மகளுக்கும் 14 வயது மகனுக்கும் இப்போதே டெஸ்ட் எடுக்கவேண்டுமா என்பவை அவருடைய கேள்விகள். போகிறபோக்கில் இன்னும் இரண்டு விஷயம் சொல்கிறார்: பத்து வருடமாகத் தைராய்டு மாத்திரை போடுகிறார், கடந்த மூன்று வருடத்தில் டோஸ் 50-லிருந்து 100 ஆகிவிட்டது, அப்புறம், இரவில் பாதம் மரத்துப்போகிறது.

டீச்சர், முதலில் நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். உங்கள் ரிப்போர்ட்டில் புற்றுநோய் இல்லை. புற்றுநோய்க்கு நெருங்கிய கட்டமான டிஸ்பிளாசியாவும் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள், அந்தக் கடைசி வரிதான் ரிப்போர்ட்டிலேயே முக்கியமான வரி, நீங்களோ அதைத் தாண்டிப்போய் நடுவில் இருக்கும் வார்த்தையைத் தேடியிருக்கிறீர்கள். அதே சமயம் "சாதாரண கேஸ்ட்ரைடிஸ்தான், விடுங்க" என்று மூடிவைக்கிற ரிப்போர்ட்டும் இல்லை இது. செய்யவேண்டிய வேலை இருக்கிறது, அதற்கு நேரமும் இருக்கிறது.

இரைப்பைக்குள் என்ன நடந்திருக்கிறது

இரைப்பையின் உள்சவ்வில் அமிலம் சுரக்கும் செல்கள், அமிலத்திலிருந்து சவ்வைக் காக்கும் சளியைச் சுரக்கும் செல்கள் என்று பலவகை உண்டு. எச். பைலோரி கிருமி பெரும்பாலும் சின்ன வயதிலேயே, வீட்டில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றிவிடுகிறது. மருந்து கொடுத்து விரட்டாவிட்டால் ஆயுசுக்கும் அங்கேயே இருக்கும். இருக்கிற வரைக்கும் சவ்வில் அழற்சி ஓயாது. வருடக்கணக்கில் இப்படியே போனால் சுரப்பிகள் தேய்ந்துபோகின்றன, அதுதான் அட்ரோபி. தேய்ந்த இடத்தில் குடலில் இருக்கவேண்டிய மாதிரி செல்கள் முளைப்பதுதான் இன்டெஸ்டினல் மெட்டாபிளாசியா. அதிலிருந்து மிகச் சிலருக்கு டிஸ்பிளாசியா, அதிலும் சிலருக்குப் புற்றுநோய். இந்த வரிசையை பெலாயோ கொரியா என்ற கொலம்பிய நோய்க்குறியியல் நிபுணர் 1975-ல் சக ஆய்வாளர்களோடு எழுதிவைத்தார், இன்றைக்கும் நாங்கள் அதை வைத்துத்தான் பேசுகிறோம்.

நீங்கள் இணையத்தில் பார்த்த அந்தப் படிக்கட்டுப் படம் இதிலிருந்து வந்ததுதான். ஒரு படியில் கால் வைத்தவர் எல்லாரும் அடுத்த படிக்குப் போவார்கள் என்று அதைப் பார்த்தால் தோன்றும். பெரும்பாலானவர்கள் போவதில்லை, இருக்கிற படியிலேயே ஆயுசு முழுக்க இருந்துவிடுகிறார்கள். ஒரு படி ஏறவே பல வருடங்கள் பிடிக்கும், பலருக்குப் பத்து இருபது வருடங்கள்.

டென்ஷனால் வந்தது, நேரத்துக்குச் சாப்பிடாததால் வந்தது என்று கடிதத்தில் உங்களையே நான்கு இடத்தில் குற்றம் சொல்லியிருக்கிறீர்கள். 1982-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் இந்தக் கிருமியை வளர்த்துக் காட்டும்வரை டாக்டர்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம், பழக்கதோஷத்தில் சிலர் இன்னமும் சொல்கிறோம். பட்டினி கிடந்தால் எரிச்சல் கூடலாம், ஆனால் உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கிற மாற்றங்கள் காலை டிபனைத் தவறவிட்டதால் வந்தவை இல்லை.

எரிச்சல் நின்றது நல்ல சேதியா?

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் இது. "வலியே இல்லை, சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்" என்கிறீர்கள். நம் ஊரில் கிட்டத்தட்ட எல்லாரும் வயிற்றை இப்படித்தான் அளக்கிறோம்: எரிந்தால் நோய், எரியாவிட்டால் குணம். நாள்பட்ட இரைப்பை அழற்சியில் இந்த அளவுகோல் உதவாது. உயிரே போகிற மாதிரி எரிகிறது என்று வருகிறவருக்கு எண்டோஸ்கோபியில் சவ்வு பளிச்சென்று இருக்கும், ஒரு தொந்தரவும் இல்லாதவருக்குப் பாதி இரைப்பை தேய்ந்திருக்கும். இரண்டையும் நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. இரைப்பையின் உடல்பகுதி என்கிற பெரிய நடுப்பகுதியில் அட்ரோபி பரவினால் அமிலம் சுரக்கும் செல்களே குறைந்துவிடும், அமிலம் குறைந்தால் எரிச்சலும் தானாகவே குறையும். உங்களுக்கு அப்படித்தான் நடந்தது என்று கடிதத்தை வைத்துச் சொல்லமாட்டேன், தினமும் போடுகிற பான்டோபிரசோலும் காரணமாக இருக்கலாம். ஆனால் எரிச்சல் நின்ற காலத்தை ஒட்டியே ரத்தசோகை, சோர்வு, பாதம் மரத்துப்போவது, தைராய்டு டோஸ் ஏறியது எல்லாம் வரிசையாக வந்திருக்கிறதே, அதைத் தனித்தனியாகப் பார்க்க எனக்கு மனமில்லை.

உணவிலிருந்து இரும்புச்சத்தைப் பிரித்தெடுக்க அமிலம் வேண்டும். பி12-ஐ உடம்பு உறிஞ்சுவதற்கு இரைப்பைச் செல்கள் சுரக்கிற இன்ட்ரின்சிக் ஃபேக்டர் என்ற ஒரு புரதம் வேண்டும், அந்தச் செல்கள் தேய்ந்தால் புரதமும் குறையும், பி12 குறைந்தால் நரம்பு பாதிக்கப்பட்டுக் கால் மரத்துப்போகும். தைராக்ஸின் மாத்திரை சரியாகக் கரைந்து உள்ளே போவதற்கும் அமிலம் தேவை. மாத்திரையை ஒழுங்காகப் போட்டும் டோஸ் ஏறிக்கொண்டே போகிறது என்றால் இரைப்பையையும் ஒருமுறை சந்தேகப்படவேண்டும். பான்டோபிரசோலே இதில் கொஞ்சத்தைச் செய்யும் என்பது வேறு விஷயம்.

தைராய்டு பிரச்சினை இருப்பவர்களுக்கு இன்னொரு வகை அழற்சியும் மற்றவர்களைவிட அதிகம் வரும், ஆட்டோஇம்யூன் கேஸ்ட்ரைடிஸ் என்பார்கள். உடம்பின் எதிர்ப்புசக்தியே அமிலம் சுரக்கும் செல்களைத் தாக்கும். கிருமியோடு சேர்ந்தும் இது இருக்கலாம். ஆகவே பி12, ஃபெரிட்டின் (உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பின் அளவு), பெரைட்டல் செல் (அமிலம் சுரக்கும் செல்) ஆன்டிபாடி, இன்ட்ரின்சிக் ஃபேக்டர் ஆன்டிபாடி, இந்த நான்கையும் இந்த வாரமே எடுங்கள். எடுப்பதற்கு முன் பக்கத்துவீட்டு யோசனையில் சத்து மாத்திரை எதையும் ஆரம்பித்துவிடாதீர்கள், பி12 அளவு நன்றாக இருப்பது போலக் காட்டி ஏமாற்றிவிடும். குறைவு என்று வந்தால் ஊசியிலோ அதிக டோஸ் மாத்திரையிலோ ஈடுகட்டலாம். நரம்புப் பாதிப்பை மட்டும் வளரவிடக்கூடாது, நாள் கடந்தால் முழுசாகத் திரும்பாது. புற்றுநோய் பயத்தில் நீங்கள் கேட்காமல் விட்டது இதைத்தான், எனக்கோ இதுதான் முதல் அவசரமாகப் படுகிறது.

சரி, கேன்சர் வருமா?

எண்ணைப் பார்த்துப் பயப்படுவது, எண்ணே தெரியாமல் பயப்படுவதைவிடப் பரவாயில்லை. நெதர்லாந்தில் 90 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பயாப்ஸிப் பதிவுகளை வைத்து 2008-ல் வெளியான ஆய்வில், அட்ரோபி மட்டும் இருந்தவர்களில் ஆண்டுக்கு 0.1 சதவீதம் பேருக்கும், இன்டெஸ்டினல் மெட்டாபிளாசியா இருந்தவர்களில் ஆண்டுக்கு 0.25 சதவீதம் பேருக்கும் இரைப்பைப் புற்றுநோய் வந்தது. அதாவது உங்களைப் போல ரிப்போர்ட் வைத்திருக்கும் ஆயிரம் பேரில் வருடத்துக்கு இரண்டு மூன்று பேர்.

அதை அப்படியே உங்களுக்குப் பொருத்திவிட முடியாது. அம்மாவுக்கு வந்திருப்பதால் உங்கள் ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மூன்று மடங்கு கூடுதல் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தியாவில் எச். பைலோரி தொற்று பரவலாக இருந்தும் இரைப்பைப் புற்றுநோய் அந்த அளவுக்கு இல்லை என்பது பழைய புதிர், ஆனால் நாடு முழுக்க ஒரே மாதிரி இல்லை: மிசோரம் உச்சத்தில் இருக்கிறது, தமிழ்நாடும் குறைந்த பட்டியலில் இல்லை, சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இரைப்பை நெடுங்காலமாக முன்வரிசையில் நிற்கிறது. இதையெல்லாம் கூட்டிப் பார்த்தாலும், உங்கள் நிலையில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்குப் புற்றுநோய் வராது. வரக்கூடிய சிலரில் நீங்கள் ஒருவராக இருந்தால் சீக்கிரமே கண்டுபிடிக்கத்தான் கண்காணிப்பு.

உங்கள் குடும்ப வரலாற்றுக்கு நேராகப் பதில் சொல்கிற ஆய்வு ஒன்று தென்கொரியாவிலிருந்து 2020-ல் வந்தது. பெற்றோர் அல்லது உடன்பிறந்தவர்களுக்கு இரைப்பைப் புற்றுநோய் இருந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, எச். பைலோரி இருந்தவர்களில் பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். ஒன்பது வருடம் தொடர்ந்து பார்த்ததில் மருந்து எடுத்தவர்களுக்குப் புற்றுநோய் 55 சதவீதம் குறைவு. கிருமி நிஜமாகவே ஒழிந்தவர்களை மட்டும் கணக்கிட்டால் 73 சதவீதம் குறைவு. வாய் கசக்கிறது என்று நீங்கள் நிறுத்திய கிட்டுக்கு இவ்வளவு வலு இருக்கிறது, டீச்சர்.

திரும்பிச் சரியாகுமா என்றால், கிருமி போனதும் அழற்சி அடங்கும், அது நிச்சயம் கிடைக்கிற பலன். அட்ரோபி பலருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறும். மெட்டாபிளாசியா பிடிவாதக்காரன், சிலருக்குப் பல வருடம் கழித்துக் குறையும், பலருக்கு அப்படியே இருக்கும். அடுத்த ரிப்போர்ட்டிலும் அதே வார்த்தை இருந்தால் மருந்து தோற்றுவிட்டது என்று நினைக்கவேண்டாம்.

கிருமி போயிற்றா இல்லையா

ரத்த ஆன்டிபாடி டெஸ்ட்டை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். கிருமி செத்துப்போன பிறகும் ஆன்டிபாடி மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் பாசிட்டிவ் என்றே காட்டும். சிகிச்சைக்குப் பிறகு பார்க்க அது சரியான டெஸ்ட்டே இல்லை. யூரியா மூச்சுப் பரிசோதனை அல்லது மல ஆன்டிஜென் பரிசோதனை செய்யவேண்டும். ஆன்டிபயாடிக் முடித்து நான்கு வாரமாவது ஆகியிருக்கவேண்டும், பான்டோபிரசோலை இரண்டு வாரம் நிறுத்தியிருக்கவேண்டும். மாத்திரையோடு போனால் கிருமி இருந்தும் இல்லை என்று வந்துவிடும். அந்த இரண்டு வாரம் எரிந்தால் ஜெலுசில் மாதிரி சிரப் குடித்துச் சமாளியுங்கள், தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி விட்டு.

ஆறு நாள் மருந்தில் கிருமி போயிருக்க வாய்ப்பு குறைவு. ஆகவே டெஸ்ட் எடுக்காமலே மறுபடி மருந்து ஆரம்பிக்கலாமே என்று ஒரு டாக்டர் சொன்னால் அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நான் டெஸ்ட் எடுத்துவிட்டே ஆரம்பிப்பேன், தேவையில்லாமல் இரண்டு வாரம் நான்கு மருந்து சாப்பிடுவது லேசான காரியம் இல்லை. பாசிட்டிவ் என்றால் பழைய கிட்டையே திரும்பப் போடவேண்டாம். அதில் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் இருந்திருந்தால், பாதியில் நிறுத்தியதில் மிச்சமிருக்கும் கிருமிக்கு அது பழகிவிட்டிருக்கலாம். பிஸ்மத் சேர்ந்த நான்கு மருந்து முறையை 14 நாள் கொடுப்பதுதான் இப்போதைய வழக்கம். பழைய கிட்டின் அட்டையை எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள், என்ன மருந்து என்று ஞாபகத்திலிருந்து சொல்லவேண்டாம்.

இந்தமுறையும் வாய் கசக்கும், குமட்டும், மலமும் நாக்கும் கறுப்பாகும். பிஸ்மத் சாப்பிடும் நாட்களில் கறுப்பாவது மருந்தினால்தான், ரத்தக்கசிவு என்று பதறி நிறுத்திவிடாதீர்கள். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற நாட்கள், கல்யாணம், வெளியூர்ப் பயணம் எதுவும் இல்லாத இரண்டு வாரத்தைப் பார்த்து ஆரம்பியுங்கள். முடித்து நான்கு வாரம் கழித்துக் கட்டாயம் மூச்சு டெஸ்ட். இந்தக் கடைசி டெஸ்ட்டைத்தான் நம்மவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

ஆறு மாதத்துக்கு ஒரு எண்டோஸ்கோபியா?

வேண்டாம். ஆனால் இன்னும் ஒன்று, ஒழுங்காக, தேவைப்படுகிறது. நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் "ஆன்ட்ரம், 2 துண்டுகள்" என்று மட்டும் இருக்கிறது. அதாவது இரைப்பையின் கீழ்ப்பகுதியிலிருந்து மட்டும் எடுத்திருக்கிறார்கள், உடல்பகுதி எப்படி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மெட்டாபிளாசியா கீழ்ப்பகுதியோடு நிற்கிறதா, மேலேயும் பரவியிருக்கிறதா என்பதை வைத்துத்தான் எதிர்கால ஆபத்தை எடைபோட முடியும். ஆகவே கிருமி ஒழிந்தது உறுதியான பிறகு, இந்த வருடத்துக்குள், ஐந்து இடத்திலிருந்து பயாப்ஸி எடுத்து, ஆன்ட்ரம் துண்டுகள் தனிக் குப்பி, உடல்பகுதித் துண்டுகள் தனிக் குப்பி என்று அனுப்பச் சொல்லுங்கள். இதற்கு சிட்னி முறை என்று பெயர், டாக்டரிடம் பெயரைச் சொல்லியே கேட்கலாம், தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார். நல்ல தெளிவான ஸ்கோப் இருக்கிற இடமாகப் பாருங்கள், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் குடலியல் பிரிவிலும் இது நடக்கிறது.

பரவல் அதிகம் என்று வந்தால், அம்மாவின் வரலாற்றையும் சேர்த்து, ஒன்று அல்லது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. கீழ்ப்பகுதியோடு நின்றிருந்தால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும் என்பது ஐரோப்பிய வழிகாட்டுதலை ஒட்டிய கணக்கு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழாய் விடுவதால் கூடுதலாக எதுவும் தெரியப்போவதில்லை, பணமும் நிம்மதியும்தான் போகும். இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் பழைய பயாப்ஸியின் ஸ்லைடையும் பிளாக்கையும் (துண்டைப் பதித்துவைத்திருக்கும் மெழுகுக் கட்டி) கேட்டு வாங்கி வேறு நிபுணரிடம் காட்டலாம். உங்கள் மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு விதிமுறையிலேயே இருக்கிறது, தயங்காமல் கேளுங்கள்.

இடையில் எடை குறைந்தால், விழுங்கும்போது தடைபட்டால், வாந்தி தொடர்ந்தால், பிஸ்மத்தோ இரும்பு மாத்திரையோ சாப்பிடாதபோதே மலம் தார் மாதிரி கறுத்தால் எந்தக் கணக்கும் பார்க்காமல் உடனே போகவேண்டும்.

மாத்திரையும் கீரையும்

பான்டோபிரசோலை நாளைக்கே தூக்கிப் போடவேண்டாம், திடீரென்று நிறுத்தினால் சில வாரம் அமிலம் எகிறும், "பார்த்தீர்களா, மாத்திரை இல்லாமல் முடியாது" என்று மறுபடி ஆரம்பித்துவிடுவீர்கள். பரிசோதனைக்காக நிறுத்தும் இரண்டு வாரத்தில் எரிச்சல் திரும்பினால் அதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். சிகிச்சை எல்லாம் முடிந்தபிறகு 40-ஐ 20 ஆக்கி, அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் தேவைப்பட்டால் மட்டும் என்று உங்கள் டாக்டரோடு பேசி இறக்குங்கள். இந்த மாத்திரை தன்னளவில் புற்றுநோய் உண்டாக்கும் என்று நிரூபணமில்லை. ஆனால் எச். பைலோரியை வைத்துக்கொண்டே வருடக்கணக்கில் அமிலத்தை அடக்கினால் அழற்சி இரைப்பையின் உடல்பகுதிக்கு ஏறும், அதனால்தான் முதலில் கிருமி, பிறகு மற்றது. பழைய சீட்டில் ஆறு வருடம் மருந்து கொடுத்த மெடிக்கலைப் பற்றி நான் என்ன சொல்வது, ஊர் முழுக்க அப்படித்தான் இருக்கிறது.

மணத்தக்காளி தாராளமாகச் சாப்பிடுங்கள், நாத்தனாரோடு சண்டை வேண்டாம். கீரையும் தயிரும் கிருமியைக் கொல்லாது, அவ்வளவுதான். மிளகாய் மேல் பழி போடுகிறார்கள், காரத்தால் எரிச்சல் வரும், அட்ரோபி வராது. குறைக்கவேண்டியது உப்பு: ஊறுகாய், கருவாடு, அப்பளம், மோர்மிளகாய். முதுகுவலிக்கு டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை போடும் பழக்கம் இருந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

பிள்ளைகளும் அண்ணனும்

மகளையும் மகனையும் இப்போது எந்த டெஸ்ட்டுக்கும் இழுக்கவேண்டாம். தொந்தரவு எதுவும் இல்லாத சிறுவர்களுக்கு, பிற்காலத்துப் புற்றுநோயைத் தடுப்பதற்காக என்று இந்த வயதில் தேடிப் பார்ப்பதில்லை. இருபது வயது தாண்டியதும் ஒரு மூச்சு டெஸ்ட்டோ மல டெஸ்ட்டோ எடுத்து, இருந்தால் அப்போதே மருந்து கொடுத்துவிடலாம், அந்த வயதில் சவ்வு பெரும்பாலும் தேய ஆரம்பித்திருக்காது. கணவருக்கு இப்போதே மல ஆன்டிஜென் பார்க்கலாம், ஒரே வீட்டில் இருப்பவர்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் சேலத்தில் இருக்கிற அண்ணனைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், 51 வயது, "கல்லைத் தின்றாலும் செரிக்கும், வயிற்றுவலி என்றால் என்னவென்றே தெரியாது" என்று. அவருக்கும் அதே அம்மாதான். அறிகுறி இல்லை என்பதற்காக அவரை விட்டுவிட வேண்டாம், உங்கள் மருந்து முடிகிறவரை காத்திருக்கவும் வேண்டாம், இந்த மாதமே எச். பைலோரி டெஸ்ட்டும் ஒரு எண்டோஸ்கோபியும் எடுக்கச் சொல்லுங்கள்.